மணல் வீடும் மணிபல்லவமும்

உழைப்பு ஓய்ந்த வேளையில் ஒருவன் எதனை நாடுகிறான் என்பதைக் கொண்டு அவன் உள்ளத்தை அறியலாம். பணியிடத்தில் அவனைப் பிறர் ஏவுகின்றனர். வீட்டில் கடமை ஏவுகின்றது. எவரும் ஏவாத சிறு பொழுதில் அவன் தானாகத் தேடிச் செல்வது எதுவோ, அதில் அவனுடைய வேட்கையும் தெரியும், அவனுடைய குறையும் தெரியும். ஆதலின் விளையாட்டைப் பற்றி ஆராய்வது அறநெறியில் நிற்பார்க்கு வீண் வேலை ஆகாது.

அண்மையில் நம் சங்கத்தின் ஞாயிறு வழிபாடு முடிந்தபின் இளைஞர் ஒருவர் தயக்கத்துடன் எழுந்து ஒரு வினாவை முன்வைத்தார். அவர் கோலார் தங்கவயலிற் பிறந்தவர். 2001-ஆம் ஆண்டு அங்குள்ள சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் அவ்வூரார் பலரும் செய்வது போலவே, விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றவர். “ஐயா, நான் இரயிலில் அமர்ந்து கைபேசியில் ஒரு விளையாட்டு ஆடுகிறேன். அதில் எனக்கொரு நிலம் உண்டு. உழுகிறேன், விதைக்கிறேன், ஊராரோடு பேசுகிறேன். மனச்சுமை இறங்குகிறது. ஆனால் சில இரவுகளில் அதே விளையாட்டால் மனச்சுமை ஏறவும் செய்கிறது. இது தணிக்க வேண்டிய வேட்கையா, அல்லது உழைத்தவனுக்கு உரிய ஓய்வா? உபாசகன் ஒருவன் இதனை விட்டுவிட வேண்டுமா?” என்று கேட்டார்.

பெரியவர் ஒருவர், “நிலமில்லாதவன் படத்தில் உழுகிறான் போலும், தம்பி!” என்றார். அவையோர் நகைத்தனர். இளைஞர் நகைக்கவில்லை. அச்சிரிப்பு நமக்கும் உவப்பாக இல்லை. ஏனெனில் பெரியவர் சொன்ன சொல்லில் உண்மை ஒன்று இருந்தது, இளைஞர் கேட்ட கேள்வியிலும் உண்மை ஒன்று இருந்தது. இரண்டையும் சீர்தூக்கி எழுதுவதாக அன்று கூறினோம். அக்கடனை இங்கே தீர்க்க முயல்கிறோம்.

விளையாட்டின் இயல்பு

முதலில் பொருளை உள்ளவாறு அறிவோம். வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் போரும் கொலையும் மலிந்துள்ளன. இவ்விளைஞர் கூறியது வேறோர் இனம். இதில் பகைவனை வென்று முடிப்பது குறிக்கோள் அன்று; வாழ்ந்துகொண்டிருப்பதே விளையாட்டு. விதைத்தல், நீர் வார்த்தல், மீன் பிடித்தல், வீட்டை ஒழுங்கு செய்தல், அண்டை வீட்டாரிடம் நலம் வினவுதல் ஆகியவையே இதன் செயல்கள்.

இவ்வினம் பெரிதும் ஜப்பான் நாட்டில் வளர்ந்தது. 1996-ஆம் ஆண்டு அங்கே ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்று பின்னர் உலகறிந்த உழவு விளையாட்டு வெளிவந்தது. 2001-ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் ‘அனிமல் கிராசிங்’ வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டது. அதனை வகுத்தோருள் முதன்மையானவர் கட்சுயா எகுச்சி. சிபா என்னும் பகுதியிலிருந்து வேலையின் பொருட்டுக் கியோட்டோ நகரத்துக்குப் பெயர்ந்த பின், குடும்பத்தாரையும் நண்பரையும் பிரிந்து தாம் உற்ற தனிமையே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று என்று அவரே கூறியுள்ளார். இவ்வரிசையில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்பது 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் வெளிவந்தது. கொள்ளைநோயால் உலகமே கதவடைத்துக் கிடந்த காலம் அது. ஆறு வாரங்களில் 1 கோடியே 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

நம் இளைஞர் ஆடுவது ‘ஸ்டார்டியூ வேலி’. அமெரிக்க நாட்டின் எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்து, ஓவியம், இசை, கதை, கணினிக் கட்டளை ஆகிய அனைத்தையும் தாமே இயற்றி, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் வெளியிட்டார். பெரும் வணிக நிறுவனம் ஒன்றில் மேசைமுன் அமர்ந்து சலித்த ஒருவன், தன் பாட்டன் சாகுந்தறுவாயில் கொடுத்த கடிதத்தைப் பிரிக்கிறான். பாட்டனின் நிலம் அவனுக்கு உரியதாகிறது. வேலையை விட்டு அந்நிலத்துக்குச் செல்கிறான். அங்கிருந்து விளையாட்டு தொடங்குகிறது.

ஈர்ப்பின் காரணம்

இதில் ஈர்ப்பது யாது? மூன்று காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, உழைப்பின் பயன் உழைத்தவன் கையைச் சேர்வது. அவ்வூரின் தலைவர் புதிதாக வந்தவனுக்குப் பதினைந்து பார்ஸ்னிப் கிழங்கு விதைகளைத் தருகிறார். நாள்தோறும் நீர் வார்த்தால் நான்கு நாளில் விளைகிறது. பெட்டியில் இட்டால் மறுநாட்காலை அதன் விலை கைக்கு வருகிறது. இடையில் மிராசுதாரும் இல்லை, வட்டிக்காரனும் இல்லை. நம் பாட்டனாரோ நிலத்தில் உழைத்தவர். நிலத்துக்கு உரியவர் அல்லர். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்க முன்வந்ததும், பஞ்சமி நிலம் எனப்பட்ட அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குப் போனதும் நாம் அறிந்த வரலாறு. பாட்டன் கடிதத்தில் நிலம் வருவது பிறர்க்கு ஒரு கதை. நம்மவர்க்கு அது நெடுநாளைய கனவு. இளைஞர் படத்தில் உழுகிறார் என்று நகைப்பதற்குமுன் இதனை எண்ணுதல் வேண்டும்.

அவ்விளையாட்டில் 120 தளங்கள் கொண்ட ஒரு சுரங்கமும் உண்டு. அங்கே அடிபட்டு வீழ்ந்தவன் சில பொருளையும் காசையும் இழக்கிறான். ஆயினும் எவரேனும் அவனைத் தூக்கிவந்து காப்பாற்றிவிடுகின்றனர். தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் நிலத்தடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்குப் பாறை வெடித்து மாண்டவர் உண்டு. கல்தூசியால் நெஞ்சு கெட்டு வீட்டில் மெல்ல மெல்ல மாண்டவரும் உண்டு. வீழ்ந்தவன் மறுநாள் எழும் சுரங்கம் ஒன்றைச் சுரங்கத் தொழிலாளியின் பேரன் விரும்புவதில் வியப்பென்ன?

இரண்டாவது, அச்சமில்லாக் கடன். ‘நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டில் ஆடுவோர் ஆளில்லாத் தீவொன்றுக்குக் குடியேறுகின்றனர். டாம் நூக் என்னும் வணிகர் வீடு கட்டித் தருகிறார். அதற்கு 98,000 ‘பெல்’ கடன் ஏற்படுகிறது. பெல் என்பது அங்கு வழங்கும் நாணயம். இக்கடனுக்கு வட்டி இல்லை, தவணை இல்லை, இயன்றபோது அடைக்கலாம், அடையாவிடினும் எவரும் வாயிலில் வந்து இரைவதில்லை. கடனுக்காக உடலையே அடகு வைத்த குடும்பங்கள் நம்முள் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்க இந்நாட்டில் 1976-ஆம் ஆண்டு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பகவன் புத்தர் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தார் பெறும் இன்பங்கள் நான்கினை விளக்கியபோது, பொருளுடைமை, அப்பொருளைத் துய்த்தல், கடனின்மை, குற்றமற்ற ஒழுக்கம் என்று வகுத்தார். கடனின்மையைத் தனியொரு இன்பமாக எண்ணியமைக்குக் காரணம், கடன்பட்டார் துன்பத்தை அவர் உணர்ந்திருந்தமையே. அத்துன்பத்தின் கூரிய பற்களைப் பிடுங்கிவிட்டு அதனைப் பொம்மையாக்கித் தந்தால் மனம் இளைப்பாறுவது இயல்பே.

மூன்றாவது காரணமே தலையாயது. அது சேரி இல்லாத ஊர். 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடியோரை மறுத்து, அது குறுகிய மனமும் அறியாமையும் சாதிப்பற்றும் குடிகொண்ட இடமென்று இடித்துரைத்தார். கிராமத்தின் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் மொள்ளலாம் என்று அளந்து வாழ்ந்தவர்க்கு அச்சொல் புதிதாக இருந்திராது. இவ்விளையாட்டின் ஊரிலோ எத்தெருவிலும் நடக்கலாம். எவ்வீட்டுக் கதவையும் தட்டலாம். திருவிழாவில் பொதுவாகச் சமைக்கும் பெரிய பாண்டத்தில் அவரவர் கொணர்ந்த பொருளை இடலாம். ‘நீ யார், எந்தப் பக்கத்தவன்?’ என்று எவரும் கேட்பதில்லை. பிறநாட்டார் இதனைக் கிராமத்தின் இனிமை என்று கொள்வர். நம் இளைஞர் இதிற் கண்டது கிராமத்தில் தாம் ஒருநாளும் காணாத ஒன்றினை.

சலிப்பின் காரணம்

இத்துணை இனிதாயின் மனச்சுமை ஏறுவது எங்ஙனம்?

டாம் நூக்கின் கடனையே பார்ப்போம். 98,000 பெல் அடைத்த அன்றே, வீட்டைப் பெரிதாக்கலாமே என்கிறார் அவர், அதற்கு 1,98,000. அதையும் அடைத்தால் 3,48,000. இவ்வாறே ஏறி ஏறி இறுதிக் கடன் மட்டும் 24,98,000 ஆகிறது. எவரும் வற்புறுத்தவில்லை. ஆயினும் கடனடைத்த இன்பத்தை ஒரு நாளேனும் நின்று துய்த்தவர் சிலரே. வெளியிலிருந்த வட்டிக்காரனை நீக்கிவிட்டோம். உள்ளிருந்த வட்டிக்காரன் இப்போது வெளிப்படுகிறான். அவன் பெயரே தண்ஹா எனும் வேட்கை.

அடுத்தது கணக்கு. நிறுவனத்து மேசையை வெறுத்து நிலத்துக்கு வந்தான் கதைத்தலைவன். ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் ஏறத்தாழப் பதினான்கு மணித்துளி; ஒரு பருவத்துக்கு இருபத்தெட்டு நாள். சில வாரம் ஆடியபின், எப்பயிர் நாளொன்றுக்கு எத்துணைக் காசு தரும், எத்தனை பீப்பாய் வைத்தால் எத்துணைச் சாறு வடியும் என்று ஆடுவோர் தாளில் அட்டவணை வரையத் தொடங்குகின்றனர். ஊராரிடம் பேசுவதும் அவர்தம் நட்பைப் புள்ளி புள்ளியாக ஏற்றுவதற்கென ஆகிவிடுகிறது. விட்டு வந்த அலுவலகத்தை அவர்களே வயல்நடுவில் மீண்டும் கட்டுகின்றனர். ஆட்டத்தை அமைத்தவர் அதனைக் கட்டவில்லை. அவர்தம் மனமே கட்டியது.

மூன்றாவது காலம். ‘நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டில் கடிகாரம் நம் கடிகாரத்தோடு ஒத்தே ஓடும். இன்று தொடங்கிய பாலம் நாளைதான் முடியும். பொறுமையற்றோர் கருவியின் கடிகாரத்தையே திருத்தி வைத்து நாளைய பொழுதை இன்றைக்கு வரவழைக்கின்றனர். அவ்வாறு பெற்ற பொருளில் அவர்க்கு மகிழ்ச்சி குன்றிவிடுவதை அவர்களே ஒப்புக்கொள்கின்றனர். ஞாயிறு காலையில் டர்னிப் கிழங்கு விலைக்கு வரும். கடையில் அதன் விலை நாளுக்கு இருமுறை மாறும். அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிடில் அழுகிவிடும். இதனால் முன்பின் அறியாதவர் தீவுகளுக்கெல்லாம் விலை தேடி ஓடுவோர் பலராயினர். ஓய்வுக்காகத் தீவுக்குச் சென்றவர் அங்கே சந்தை நிலவரம் பார்த்துத் தூக்கம் கெட்டனர்.

சில வாரம் தீவுப்பக்கம் செல்லாதிருந்தால் களை மண்டிக்கிடக்கும். வீட்டுக்குள் கரப்பான் ஓடும். அண்டை வீட்டார் ‘எங்கே போயிருந்தாய்?’ என்று குறைபடுவர். பரீட்சைக்குப் படிக்கப் போனவரும் நோயுற்ற தாயைப் பார்க்கப் போனவரும் திரும்பி வந்து பொம்மைகளின்முன் குற்றவுணர்ச்சியோடு நிற்கின்றனர். மெய்யான கடமையோடு பொய்யான கடமையும் கழுத்தில் ஏறுகிறது.

இன்னும் ஒன்று. ஒரு கருவிக்கு ஒரு தீவு என்பது அவ்விளையாட்டு வெளிவந்தபோதே வகுத்த விதி. அக்கருவியில் முதலில் தீவைத் தொடங்கியவரே அங்குத் தலைவர். பின்வந்த தம்பியோ தங்கையோ குடியிருக்கலாம். பாலம் எங்கே அமைவது என்று முடிவு செய்ய முடியாது. தகுதி யாதென்று கேட்டால், முந்தி வந்தமையே தகுதி. பல வீடுகளில் குழந்தைகள் அழுததற்கு இது காரணமாயிற்று. முந்தி வந்தோம் என்பதையும் உயர்ந்து பிறந்தோம் என்பதையும் தகுதியாகக் காட்டியோரை நாம் நன்கறிவோம். ஒரு பிழை விளையாட்டில் நுழைந்தாலும் அதன் முகம் மாறுவதில்லை.

பகவன் காட்டிய உவமை

இனி, தம்மம் இதுபற்றி யாது கூறும் என ஆராய்வோம். பிரம்மஜால சுத்தத்தில் துறவோர் விலக்க வேண்டிய விளையாட்டுகளின் பட்டியல் ஒன்றுண்டு. பலகையாட்டமும் பந்தும் மட்டுமன்றிச் சிறு வண்டி, சிறு வில், சிறு காற்றாடி ஆகியவையும் அதில் உள. சிறு கலப்பையும் உளது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்பே விளையாட்டுக்கு உழும் வழக்கம் இருந்தது என்பது இதனால் விளங்கும். கைபேசியில் உழுவது புதிய பைத்தியம் அன்று; மிகப் பழைய மகிழ்ச்சி.

அப்பட்டியல் துறவோர்க்கு உரியது என்பதை மறத்தலாகாது. இல்லறத்தானாகிய சிகாலனுக்குப் பகவன் அறிவுரை கூறியபோது, செல்வத்தை அழிக்கும் வழிகள் ஆறு என்றார். கள், காலமல்லாக் காலத்தில் தெருத் திரிதல், கேளிக்கைகளையே நாடி அலைதல், சூது, தீய நட்பு, சோம்பல் என்பன அவை. சிறு கலப்பை அவற்றுள் இல்லை. ஆயினும் கேளிக்கை, சூது, சோம்பல் என்னும் மூன்று வாயில்களும் இவ்விளையாட்டின் அருகே திறந்தே இருக்கின்றன என்பதை டர்னிப் சந்தை காட்டிற்று. ஆகவே விளையாட்டின் பெயரைக் கேட்டுத் தீர்ப்பளித்தல் போதாது. ஆடுபவன் மனநிலையை நோக்க வேண்டும்.

அம்மனநிலையை நோக்குதற்கு ஏற்ற உவமை சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. இராதர் என்னும் பிக்கு, உயிர் என்று சொல்லப்படுவது யாது என வினவினார். உடலிலும் உணர்ச்சியிலும் ஏனைக் கந்தங்களிலும் பற்றி ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே அப்பெயர் என விளக்கிய பகவன், மணலில் வீடு கட்டி விளையாடும் சிறாரைக் காட்டினார். மணல் வீட்டின்மேல் ஆசை தீராதவரையில் அச்சிறார் அதனைத் தம்முடையதென்று போற்றி விளையாடுவர்; ஆசை தீர்ந்தபோதோ தம் கையாலும் காலாலும் அவர்களே அதனைக் கலைத்துவிடுவர்.

இவ்வுவமையில் ஒன்றைக் கருதுக. பகவன் சிறார்மீது சினங்கொள்ளவில்லை. மணலையும் பழிக்கவில்லை. கட்டியதும் குற்றமன்று, கலைத்ததும் குற்றமன்று. ஒட்டிக்கொள்ளும் வரையிற்றான் துன்பம். மணல் வீட்டுக்கும் நம் ஓட்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அளவைச் சார்ந்ததே. அவ்வாறாயின் மணல் வீடு சிறந்த பள்ளிக்கூடமும் ஆகலாம். மெய்யான கடனில் வேட்கை எழும்போது அதனை நின்று பார்க்க நமக்குப் பொழுதில்லை. வாடகை கொடுக்கவேண்டும், பிள்ளைக்குக் கட்டணம் கட்டவேண்டும். பொய்யான கடனிலோ இழப்பு ஏதுமில்லை. டாம் நூக் ‘இன்னும் பெரிய வீடு?’ என்றதும் விரல் தானாக முன்செல்வதைக் காணலாம். ‘போதும்’ என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னபின் மனம் எங்ஙனம் துடிக்கிறது, எத்துணைப் பொழுதில் அடங்குகிறது என்று கவனிக்கலாம். களை மண்டிய தீவைக் கண்டு கலங்காமல், ‘வளர்ந்தது, அவ்வளவே’ என்று இருந்து பார்க்கலாம். அநித்தியத்தை ஏட்டில் நூறுமுறை படிப்பதினும், அழுகிய பொம்மைக் கிழங்கை ஒருமுறை புன்னகையோடு எறிவது சிலர்க்கு நன்கு விளங்கும்.

விளையாட்டு பொய் சொல்லும் இடத்தையும் நாம் சுட்டியாகல் வேண்டும். ‘நியூ ஹொரைசன்ஸ்’ தீவில் குடியிருப்பவர் ஊரைவிட்டுப் போக எண்ணினால் நம்மிடம் கேட்பார், வேண்டாமென்றால் தங்கிவிடுவார். அங்கே நோயாற் சாவார் எவருமில்லை. நம் இசைவின்றிப் பிரிவு வருவதில்லை. மெய்யுலகில் எந்தத் தாய் நம்மிடம் இசைவு கேட்டு மறைந்தாள்? கிசா கோதமி வீடு வீடாகக் கடுகு தேடி அறிந்த உண்மை அத்தீவில் அறியப்படாது. ஆதலின் அத்தீவு இளைப்பாறும் நிழலாகலாமேயன்றி வீடாதல் இயலாது.

ஆபுத்திரன் கலம்

இனிப் பெரியவரின் சொல்லுக்கு வருவோம். நிலத்துக்காகப் போராட வேண்டியவன் படத்தில் உழுது மனநிறைவு அடைந்துவிட்டால், மெய்யான நிலம் என்றைக்கும் பிறர்க்கே அன்றோ? இவ்வச்சம் வீணன்று. சேரி இல்லாத ஊரைக் கைபேசியில் கண்டவன், ‘இது ஏன் என் ஊரில் இல்லை?’ என்று கேட்டால் அக்காட்சி அவனுக்கு ஒளி. ‘இங்கேயாவது இருக்கிறதே’ என்று அடங்கினால் அது அவனுக்கு மயக்கமருந்து. ஒரே காட்சி இரண்டும் ஆகவல்லது.

இவ்விடத்தில் நமக்குத் துணையாவது நம்முடைய மணிமேகலைக் காப்பியமே. ஆளில்லாத் தீவைப் பற்றி அது கூறுவதுபோல் வேறெந்த நூலும் கூறவில்லை என்பது நம் எண்ணம். பிறப்பின் பெயரால் அந்தணரால் ஒதுக்கப்பட்ட ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றுப் பசித்தோர்க்கெல்லாம் ஊட்டினான். மழை பெய்து நாடு செழித்தது. உண்ண வருவார் இல்லையாயினர். வற்கடத்தால் வாடிய சாவக நாட்டுக்குச் செல்லக் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாது விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது. கையில் வற்றாத கலம். தீவில் உண்பதற்கு ஒருவரும் இல்லை. தான் ஒருவனே உண்டு அத்தீவில் நெடுங்காலம் இனிது வாழ்ந்திருக்கலாம். அவன் அதனை வாழ்வென்று கருதவில்லை. ஆண்டுக்கொருமுறை வைகாசி நிறைமதி நாளில் வெளிப்பட்டு அருளுடையார் கையில் சேர்க என்று கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். அவன் முடிவைப் பின்பற்றுக என்று நாம் கூறவில்லை. அவன் கண்ட உண்மையைக் காண்க என்கிறோம். பசித்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் நிறைந்த செல்வமும் பயனற்றது என்பதே அவ்வுண்மை.

இவ்வினிய விளையாட்டுகளின் குறை இதுவே. அங்கே பசித்தவர் அரியர். ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஊருக்கு வெளியே கூடாரத்தில் தனித்து வாழும் லைனஸ் உண்டு, பழைய வண்டிவீட்டில் வாழும் ஒரு தாயும் மகளும் உண்டு. 5,00,000 காசும் 950 மரத்துண்டும் தந்தால் அத்தாய்க்கும் மகளுக்கும் நல்ல வீடு எழும். எழுதியவர் அருளுடையவர் என்பதற்கு இஃது அடையாளம். ஆயினும் காசு கொடுத்தவுடன் வறுமை தீர்ந்துவிடுகிறது. எதிர்ப்பவர் இல்லை, அச்சம் இல்லை, உடன் நின்று போராடத் தேவை இல்லை. அருளைப் பழகுவதற்கு அது போதிய களம் அன்று.

அதே தீவில் பின்னர்க் கண் விழித்தாள் மணிமேகலை. அவளும் தனியளே. அவள் அங்குத் தங்கிவிடவில்லை. கலத்தைப் பெற்றுக்கொண்டு புகார் நகருக்குத் திரும்பினாள். தீராப் பசிநோயுற்ற காயசண்டிகையின் பசி தீர்த்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றாள். தீவுக்குப் போவது பிழையென்றால் மணிமேகலையும் பிழை செய்தவளாவாள். தீவிலிருந்து எதைக் கொண்டு மீள்கிறோம் என்பதே வினா.

நாம் கூறும் விடை

ஆதலின் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இது. ஆடுக, அளவறிந்து ஆடுக. பதினான்கு மணிநேரம் உழைப்பிலும் பயணத்திலும் கழித்தவர் அரைமணி நேரம் மணல் வீடு கட்டுவதால் தம்மம் குன்றாது. ஆயின் மூன்று சோதனைகளை மேற்கொள்க. கருவியை மூடியபின் மனம் இலேசாக இருக்கிறதா, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறதா என நோக்குக. கணக்குத் தொடருமாயின் அன்று வேட்கையே ஆடியது. உறக்கமோ படிப்போ பெற்றோரிடம் பேசும் பொழுதோ அதனாற் குறைகிறதா என நோக்குக. குறையுமாயின் களை அத்தீவில் அன்று, இங்கே வளர்கிறது. மூன்றாவதாக, அவ்வூரில் கற்ற ஒன்றையேனும் இவ்வூருக்குக் கொண்டுவர முடிகிறதா என நோக்குக. பொம்மை அண்டைவீட்டாரிடம் நாள்தோறும் நலம் கேட்பவர், தம் தெருவில் தனித்திருக்கும் முதியவரிடம் வாரம் ஒருமுறையேனும் நலம் கேட்கலாம் அன்றோ?

அடுத்த ஞாயிறு அவ்விளைஞர் சங்கத்துக்கு வந்தார். இதுகாறும் எழுதியவற்றை அவரிடம் படித்துக் காட்டினோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஐயா, என் பாட்டனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருக்கு நிலம் வாங்க ஆசை இருந்ததா என்று நான் அப்பாவிடம் கேட்டதேயில்லை. இன்று இரவு கேட்கிறேன்” என்றார். முன்பு நகைத்த பெரியவரும் உடனிருந்தார். “கேள், தம்பி. உன் அப்பா சொல்வதை எனக்கும் வந்து சொல்” என்றார்.

மணல் வீட்டிலிருந்து அவ்விளைஞர் கொண்டு மீண்டது இக்கேள்வி. அது சிறிதேயாயினும் பிறர்க்குப் பகிரத்தக்கது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் இளைப்பாறச் செல்லும் தீவிலிருந்து வெறுங்கையோடு திரும்பாதிருப்பாராக!